விரலைப் பார்க்கும் சட்டம்

ஆசிரியர் ஸ்மார்ட் போர்டில் விரலால் எழுதுகிறார். கோடு உடனே விழுகிறது. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு விரல் பட்டதே தெரியாது. பள்ளிகளில் பரவலாக உள்ள பெரிய தொடுதிரைகளில் சூட்சுமம் கண்ணாடியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள சட்டத்தில் இருக்கிறது.

சட்டத்தின் இரண்டு பக்கங்களில் சிறு எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக இருக்கும். எதிர்ப் பக்கங்களில் அதே அளவுக்கு உணரிகள். விளக்குகள் உமிழ்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஆக, கண்ணாடிக்குச் சற்று மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓர் ஒளிவலை எப்போதும் விரிந்திருக்கிறது. விரல் உள்ளே நுழைந்ததும் சில கதிர்கள் தடைபடுகின்றன. எந்த நெடுக்குக் கதிர், எந்தக் குறுக்குக் கதிர் அறுபட்டது என்று பார்த்தால் விரல் நிற்கும் புள்ளி கிடைத்துவிடும். இந்தத் தேடல் ஒரு நொடிக்குள் பல முறை நடப்பதால்தான் கோடு விட்டுவிடாமல் வருகிறது.

இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் தொட்டால்? இரண்டு நெடுக்குக் கதிரும் இரண்டு குறுக்குக் கதிரும் அறுபடும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளோ நான்கு. இரண்டு நிஜம், இரண்டு போலி. ஒவ்வொரு விளக்கின் ஒளியையும் நேரெதிர் உணரி மட்டுமல்லாமல் பக்கத்து உணரிகளும் சாய்கோணத்தில் பார்ப்பதால் போலிகளைக் கழித்துவிட முடிகிறது.

இந்த வகைப் பலகைக்குத் தனிப் பேனா தேவையில்லை, குச்சியும் போதும். சங்கடமும் அதுதான். புடவைத் தலைப்பு உரசினாலும் அதை விரல் என்றே எடுத்துக்கொள்ளும். சட்டத்தில் தூசி படிந்தால் சில இடங்களில் எழுத்து விழாது. ஜன்னல் வெயில் நேராக அடித்தாலும் தடுமாறும். பழைய கரும்பலகையை ஒட்டினாற்போல இதை மாட்டி, சாக்பீஸ் தூளைத் தினமும் இதன்மேல் பறக்கவிடுவது நல்லதல்ல.

கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த பலகை வேறு வகை. மெல்லிய இடைவெளியோடு இரண்டு படலங்கள். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும், மின்னழுத்தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். படம் புரொஜெக்டரிலிருந்து விழுந்ததால் ஆசிரியரின் நிழலே பாடத்தை மறைத்தது.

இவையெல்லாம் கற்பித்தலை எப்படி மாற்றின என்று கேட்டால், பெரிய மாற்றம் கணினிக்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது என்பேன். இந்தியப் பள்ளிகளில் சிறுவர்கள் கறுப்புப் பலகைகளில் எழுதினார்கள் என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்பிரூனி குறித்திருக்கிறார். அவை கையில் பிடிக்கும் பலகைகள், ஆளுக்கு ஒன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே சேர்ந்துகொண்டது. இந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் வரை போனது.

மணலோ கைப்பலகையோ, ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் யாராவது போய் உட்கார வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ ஆசிரியர் ஜேம்ஸ் பில்லன்ஸ் போன்றோர் பெரிய கரும்பலகையைச் சுவரில் மாட்டினார்கள். அறை முழுக்க ஒரே பாடம், ஒரே நேரத்தில். இன்று நாம் 'வகுப்பெடுப்பது' என்று சொல்லும் காரியம் அந்தச் சுவரிலிருந்து வந்ததுதான். நம் நாட்டில் 1987-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு அடிப்படை வசதி தர வந்த மத்திய அரசின் திட்டத்துக்கும் கரும்பலகையின் பெயரையே வைத்தார்கள்.

கரும்பலகைக்கு ஒரு குணம் உண்டு. எழுதுகிற கையின் வேகத்தைத் தாண்டிப் பாடம் ஓடாது. கணக்கில் அடுத்த வரி வருவதற்குள் பிள்ளை முந்திய வரியை யோசித்துவிடும்; ஆசிரியர் தயங்குவதும் அழித்துத் திருத்துவதும் கண்ணெதிரே நடக்கும்.

1960-களில் பரவிய ஓவர்ஹெட் புரொஜெக்டர் இதைத்தான் முதலில் தளர்த்தியது. ஆசிரியர் முதுகைக் காட்டாமல் வகுப்பைப் பார்த்தபடியே பேச முடிந்தது. பெரிய வசதி. கூடவே, வீட்டிலேயே ஷீட்டில் எழுதிக்கொண்டு வரும் பழக்கமும் ஏற்பட்டது. அங்கிருந்து பவர்பாயின்ட்டுக்கு ஒரு எட்டுதான். விடை முழுதாகத் திரையில் வந்து நிற்க, பிள்ளைகள் நோட்டில் பார்த்தெழுதினார்கள்.

சினிமா வந்தபோது, பள்ளியில் இனிப் புத்தகமே இருக்காது என்று 1913-இல் எடிசன் சொன்னார். புத்தகம் எங்கும் போகவில்லை. ஸ்மார்ட் போர்டையும் அப்படிப் புகழ வேண்டியதில்லை, ஒதுக்கவும் வேண்டாம். இதயம் துடிப்பதையும் கோள்கள் சுற்றுவதையும் சாக்பீஸால் காட்ட முடியாது. அந்த வேலைக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் கணக்கையும் இலக்கணத்தையும் தயாராக வைத்திருந்து காட்டுவதில் லாபம் குறைவு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பலகையிலேயே எழுதுவதற்கு வெற்றுப் பக்கம் இருக்கிறது. வீடியோவை ஓடவிடும் முன் அதைத் திறந்து, முதல் கணக்கை விரலால் வரிவரியாகப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதைப் போட ஒரு மாணவியை அழையுங்கள்.