கை ஓயாதவர்கள் – 11: "இருபத்தி மூணு… சொல்லு… இருபத்தி நாலு"

கம்பளி நூலுக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் எந்த ஒட்டும் உறவும் இருக்க நியாயமில்லை. கோடையில் திருத்தணி வெயில் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளின் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் இந்தப் பக்கத்து வீடுகளில் பீரோவின் அடித்தட்டைத் துழாவினால் மஞ்சளும் வெள்ளையுமாய் ஒரு குழந்தை ஸ்வெட்டர், அதே நிறத்தில் ஒரு குல்லா, கட்டைவிரல் நீளத்தில் இரண்டு காலுறை அகப்படும். சித்திரையில் பிறந்த குழந்தைக்கு அத்தை பின்னியது. குழந்தை அதைப் போட்டுக்கொண்டது ஒரே ஒரு நாள், போட்டோவுக்காக. பிறகு அது தங்கைக்குப் போகும், பக்கத்து வீட்டுக்குப் போகும், மார்கழிப் பனிக்குத் தெருவையே சுற்றி வரும். பின்னியவளுக்கு அது போதும். தெருவில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்ற சேதி மாமியாருக்கு எட்டுமுன் ஊசி பிடிக்கிறவளுக்கு எட்டிவிடும்.

அந்த ஊசியும் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊசிதான். 'போனி' என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் பின்னல் ஊசிகள் நீலகிரியில் கேத்தியில் தயாராகின்றன. இங்கிலாந்தின் ஸ்டட்லி என்ற ஊசிக்குப் பேர்போன ஊரின் நிறுவனம் ஒன்று 1949-இல் அங்கே தொடங்கிய ஆலை அது. ஊசி குளிருகிற ஊரில் பிறந்து, வியர்க்கிற ஊரில் ஓடுகிறது.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெண்கள் பெட்டியில் அந்த நேரம் வீணாவதே இல்லை. ஒருத்தி பூ கட்டுவாள், ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தியின் மடியில் பாதி எழும்பிய வயர் கூடை, இன்னொருத்தியிடம் குரோஷா ஊசியும் நூல்கண்டும்.

"அக்கா, எண்ணூர் போயிடுச்சா?"

"இருபத்தி மூணு… போயிடுச்சும்மா… இருபத்தி நாலு."

இது பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான பேச்சு. கேள்விக்குப் பதிலும் வரும், எண்ணிக்கையும் தவறாது. மீஞ்சூரிலிருந்து பொன்னேரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் தெரியாது. எத்தனை வரிசை என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். "இந்த வரிசையை முடிச்சிட்டு எந்திரிக்கிறேன்" என்ற வாக்கை நம்பி அடுப்பில் பாலை வைத்தவர்கள் கதை தனி. அந்த வரிசை முடிந்தால் அடுத்த வரிசையில் நிறம் மாறும், நிறம் மாறினால் அது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எப்படி எழுந்திருப்பது?

எனக்கு இந்த எண்ணிக்கையின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஒரு வீட்டில் அம்மாவை யாரும் கூப்பிடத் தயங்கும் நேரம் ஒன்று இருக்கிறது என்றால், அது அவள் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம்தான். எண்ண ஒன்றும் இல்லாத சாதாரண வரிசையிலும் வாய்க்குள் முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள் இது ரகசியச் சிரிப்பு. ஒருத்தி முணுமுணுத்தால் எதிர் சீட்டுக்காரி ஊசியைப் பார்ப்பாள், உடனே புரிந்துகொள்வாள், காட்டிக்கொடுக்க மாட்டாள்.

தப்பு நேர்ந்தால்தான் ஒவ்வொரு கூட்டத்தின் குணமும் வெளிப்படும். குரோஷாவில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் மூன்று நாள் வேலை ஒரு நிமிடத்தில் நூலாகிவிடும். அதனால் அவர்கள் அஞ்சாமல் பிரிப்பார்கள், பிரிக்கும்போதே அரட்டையும் அடிப்பார்கள். இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் திறந்தே நிற்கும். ஊசி நழுவினால் அலறிவிடுவார்கள். வயர் கூடைக்காரிகள்தான் பாவம். நெல்லிக்காய் முடிச்சானாலும் சிவன் கண் ஆனாலும் ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாக அவிழ்க்க வேண்டும், அவிழ்த்த வயரில் மடிப்பு அப்படியே நிற்கும். எட்டு வரிசைக்குக் கீழே ஒரு நிறம் மாறிப்போனது தெரிந்தால், "அது டிசைன்" என்று தலை நிமிர்ந்து சொல்வதும் அவர்கள்தான்.

அடுத்தவர் வேலையைப் பார்க்கும் விதத்தில் மூன்று கூட்டமும் ஒன்று. கல்யாண வீட்டில் யாராவது கையால் பின்னிய சால்வை போர்த்தி வந்தால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். ஓரத்தைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள். காய்கறிக் கடையில் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள்.

நூல் சேர்க்கும் பழக்கத்தை வீட்டுக்காரர்கள் பைத்தியம் என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரே நிற எண்ணாக இருந்தாலும் சாயம் போட்ட லாட் மாறினால் நிறம் அரை இழை மாறும். முதுகு ஒரு மஞ்சளும் கை ஒரு மஞ்சளுமாகிவிடும். பாரிமுனைக் கடையில் கைப்பையிலிருந்து சின்ன நூல் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பெண்ணுக்கு அந்த வலி தெரியும். ஆகவே இரண்டு கண்டு கூடுதலாக வாங்குகிறாள். அந்த இரண்டு கண்டு மிஞ்சுகிறது. மிஞ்சியதை வீணாக்கலாமா? அதற்குப் பொருத்தமாக இன்னும் நான்கு கண்டு.

பரிசு கொடுப்பதிலும் கணக்கு உண்டு. மேற்கு நாடுகளில் காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினால் கை முடிவதற்குள் காதல் முறியும் என்று பின்னல்காரிகள் பாதி விளையாட்டாகச் சொல்லிக்கொள்வார்கள். நம் பக்கம் அந்த அச்சம் இஸ்திரிப் பெட்டி பற்றியது. இங்கே கிடைக்கும் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். சூடாகத் தேய்த்தால் தட்டையாகிப் பளபளத்துவிடும், பழைய துள்ளல் திரும்பவே திரும்பாது. ஒருமுறை அப்படிச் செய்தவருக்கு மறு ஸ்வெட்டர் கிடையாது, தம்பியே ஆனாலும்.

இத்தனை பிடிவாதமும் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 2016 ஜனவரி 31 அன்று துரைப்பாக்கம் பொறியியல் கல்லூரி ஒன்றில் விரித்த குரோஷா போர்வை 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே மாதிரி என்றாலும் ஒருத்தி கை இறுக்கம், ஒருத்தி கை தளர்வு. இருவரின் சதுரமும் ஒரே அளவில் வராது. பலர் கையில் வளர்ந்த போர்வையை ஒன்றாக இணைத்தவர்களின் பொறுமைக்குத் தனியாக ஒரு சாதனைச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி பொன்னேரியில் இறங்கி பழவேற்காட்டுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அங்கே பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணும் முறையே வேறு.

(தொடரும்)