திட்டம் முடிந்தால் இணையதளமும் மறைய வேண்டுமா? ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கும் எளிய உரை விக்கி

சாணக்யபுரி, புதுதில்லி: வெளிநாட்டுத் தூதரகங்களால் அறியப்படும் சாணக்யபுரி, ஆய்வாளர்களும் மாணவர்களும் நாள்தோறும் வந்துசெல்லும் பகுதியாகவும் விளங்குகிறது. 1973-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கொள்கை ஆய்வு மையம் இங்குள்ள தர்ம மார்க்கில் அமைந்துள்ளது. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைத்ரேயி கல்லூரி, ஜீசஸ் அண்ட் மேரி கல்லூரி ஆகியவையும் இப்பகுதியில் உள்ளன. சிறிது தொலைவில், தீன் மூர்த்தி வளாகத்தில் பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும் இருக்கின்றன.

இத்தகைய இடங்களில் மட்டுமன்றி, நாடு முழுவதும் ஆய்வில் ஈடுபடுவோர் பலர் கட்டுரைகளுடன் நின்றுவிடுவதில்லை. களக்குறிப்புகள், நூற்பட்டியல், கலைச்சொற்பட்டியல், அட்டவணைகள் ஆகியவற்றைத் தொகுத்து இணையதளம் ஒன்றையும் உருவாக்குகின்றனர். திட்டத்திற்கான நிதியுதவி முடிந்ததும், தளத்தைப் பராமரிக்க ஆளின்றிப் போகிறது. சில ஆண்டுகளில் அந்த முகவரியைத் திறப்பவர்களுக்குக் கிடைப்பது 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்பு மட்டுமே.

இது ஓரிருவரின் அனுபவம் அன்று. 2013-ஆம் ஆண்டில் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம், 2023 அக்டோபரில் திறக்க இயலாதவையாகிவிட்டன என அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் தெரிவித்தது.

இந்த இழப்பைப் பெருமளவு தவிர்ப்பதற்குச் செலவு குறைந்த வழி ஒன்று உள்ளது. அதுவே 'எளிய உரை விக்கி'. அது குறித்த விளக்கத்தை இங்கே காணலாம்.

விக்கி என்றால் என்ன?

படிப்பவரே அங்கேயே திருத்தவும், புதிய பக்கங்களைச் சேர்க்கவும், ஒரு பக்கத்தை மற்றொன்றுடன் இணைக்கவும் இடமளிக்கும் இணையதளமே விக்கி. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை இணையத்தில் வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்ற சொல்லுக்கு 'விரைவு' என்பது பொருள். 2001-இல் விக்கிப்பீடியாவும் 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கப்பட்ட பிறகு, இச்சொல் உலகெங்கும் பரவியது.

எனினும், விக்கி என்றாலே கலைக்களஞ்சியம் என்று கருத வேண்டியதில்லை. மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழுவின் குறிப்பேடாகவும், ஒரே ஒருவரின் ஆய்வுக் கோப்பாகவும் அது இருக்கலாம்.

வழக்கமான தளங்கள் ஏன் மறைகின்றன?

இன்று பெரும்பாலான இணையதளங்கள் தரவுத்தளத்தை நம்பி இயங்குகின்றன. நாம் எழுதும் சொற்கள் அனைத்தும் அதன் அட்டவணைகளுக்குள் சேமிக்கப்படுகின்றன. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, சர்வரில் உள்ள மென்பொருள் அவற்றை எடுத்துக் கோத்து, பக்கமாக அமைத்துத் தருகிறது.

இம்முறையில் சர்வர், தரவுத்தளம், மென்பொருள், அதன் துணைநிரல்கள் ஆகிய அனைத்தும் ஒருங்கே நலமாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றைப் புதுப்பிக்கத் தவறினாலும் தளம் முடங்கக்கூடும். அல்லது ஊடுருவலுக்கு இலக்காகக்கூடும். ஆய்வாளர் தாம் எழுதியதை வேறிடத்திற்கு மாற்ற விரும்பினால், அதற்கும் தொழில்நுட்ப வல்லுநரின் உதவி தேவைப்படும்.

இலவசச் சேவைகளை நம்புவதிலும் இடர் உண்டு. யாகூ நடத்திய ஜியோசிட்டீஸ் சேவை 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் பரவலாகப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ், மூடப்படுவதாக 2018-இல் அறிவித்தது. குறித்த காலத்திற்குள் தங்கள் பக்கங்களை எடுத்துக்கொள்ளாதவர்கள் அவற்றை இழக்கும் நிலை ஏற்பட்டது.

எளிய உரை விக்கி எவ்வாறு செயல்படுகிறது?

இதில் தரவுத்தளம் இல்லை. ஒவ்வொரு பக்கமும் கணினியில் ஒரு சாதாரண உரைக் கோப்பு. எழுத்துகளும் இடைவெளிகளும் சில குறியீடுகளும் தவிர அக்கோப்பில் வேறெதுவும் இராது. எந்தக் கணினியிலும், கைப்பேசியிலும், எந்த எழுதும் செயலியிலும் அதைத் திறந்து படிக்க இயலும்.

தலைப்பு, தடித்த எழுத்து, இணைப்பு போன்றவற்றை எளிய குறியீடுகளால் சுட்டினால் போதும். சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறிகளை இட்டால் அது தடித்த எழுத்தாகும். விக்கிகள் பலவற்றில், ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் எழுதினால் அப்பெயருள்ள பக்கத்துக்கு இணைப்பு உருவாகும். அப்பக்கம் இன்னும் எழுதப்படவில்லையெனில், அந்த இணைப்பே அதைத் தொடங்குவதற்கான வாயிலாக அமையும்.

இவ்வகையில் நன்கு அறியப்பட்டது டோக்குவிக்கி. ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருளில், ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பாகவும் ஒவ்வொரு பிரிவும் ஒரு கோப்புறையாகவும் அமைகின்றன. பக்கத்தைத் திருத்தினால் பழைய வடிவம் அழிவதில்லை. அது வேறொரு கோப்புறையில் பாதுகாக்கப்படுகிறது. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதையும் வரையறுக்கலாம். தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டுமெனில், கோப்புறையை அப்படியே படியெடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

மற்றொரு வழியும் உண்டு. உரைக் கோப்புகளைச் சொந்தக் கணினியிலேயே இணையப் பக்கங்களாக மாற்றி, ஆயத்த நிலையில் சர்வரில் ஏற்றிவிடலாம். ஜெக்கில், ஹியூகோ போன்ற கருவிகள் இதற்குப் பயன்படுகின்றன. இத்தகைய தளத்தில் சர்வர் பக்கங்களை எடுத்துக் கொடுப்பதோடு சரி. அங்கே இயங்கும் மென்பொருள் இல்லாததால் பழுதாகும் வாய்ப்பும் குறைவு.

ஆய்வாளர்களே உருவாக்கிய கருவிகள்

இத்துறையின் முக்கியக் கருவிகள் சிலவற்றை ஆய்வாளர்களே தங்கள் தேவைக்காக உருவாக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. 2004-இல் ஜான் குரூபர் அறிமுகப்படுத்திய மார்க்டவுன் எனும் எளிய குறியீட்டு முறை இன்று பரவலாக வழங்கிவருகிறது. அம்முறையில் எழுதப்பட்ட கோப்பை இணையப் பக்கமாகவும், வேர்டு ஆவணமாகவும், மின்னூலாகவும் மாற்றித்தரும் பாண்டாக் கருவியை 2006-இல் வெளியிட்டவர் ஜான் மெக்ஃபார்லேன். அவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மெய்யியல் பேராசிரியர். குறிப்புகளையும் பணிப்பட்டியலையும் ஒரே உரைக் கோப்பில் நிர்வகிக்க உதவும் ஆர்க் மோடு, நெதர்லாந்தில் பணியாற்றும் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கியதாகும்.

ஒரே மூலத்திலிருந்து ஆய்வேடு, கட்டுரை, இணையதளம் ஆகிய மூன்றையும் பெறுவதே ஆய்வாளருக்குக் கிடைக்கும் முதன்மைப் பயன். ஒரு பிழையைத் திருத்த மூன்று இடங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை.

தமிழ் தரும் பாடம்

எளிய உரையின் வலிமையையும், அதற்குரிய நிபந்தனையையும் தமிழ் ஏற்கெனவே அனுபவத்தில் கண்டுள்ளது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் ஆய்வாளர் கு. கல்யாணசுந்தரம், தன்னார்வலர்களுடன் இணைந்து 1998-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்தும், பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாக வழங்கினர்.

அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றொன்றில் திறந்தால், பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின. கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாத நிலை அது. இதைக் களைய, மின்னஞ்சல் வழியாக விவாதித்து டிஸ்கி எனும் பொதுக் குறியாக்கத்தை ஆர்வலர்கள் உருவாக்கினர். பின்னர் உலகளாவிய தரமான யூனிகோடு நிலைபெற்றபோது, மதுரைத் திட்டத்தின் நூல்களும் அதற்கு மாறின.

டிஸ்கியில் எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பது அனைவரும் அறிந்த அட்டவணையாக இருந்தது. எனவே, கோப்புகளை நிரல் வழியாகவே யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. நூல்களை மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்யும் தேவை எழவில்லை. உரை எளியதாக இருப்பது மட்டும் போதாது. அதன் குறியாக்கமும் யாவரும் அறிந்த திறந்த தரமாக இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம். இன்றும் பழைய எழுத்துருக்களில் குறிப்புகளை வைத்திருப்போர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

கொள்ளளவு குறித்தும் கவலை தேவையில்லை. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் இடம் தேவை. அப்படியிருந்தும் 1,330 குறள்களையும் கொண்ட கோப்பு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது.

வரம்புகள் யாவை?

எளிய உரை எல்லாத் தேவைக்கும் தீர்வாகாது. ஒலிப்பதிவுகள், காணொளிகள், உயர்தரப் படங்கள் ஆகியவற்றைத் தனியே பாதுகாக்க வேண்டும். பல லட்சம் பதிவுகளைக் கொண்ட புள்ளிவிவரங்களை அலச, தரவுத்தளமே ஏற்றது. ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதும் பணிக்கும் இது அவ்வளவு வசதியன்று. டோக்குவிக்கி போன்று சர்வரில் இயங்கும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும்.

பேட்டியளித்தவர்களின் பெயர், தொலைபேசி எண் போன்ற தனிப்பட்ட விவரங்களைப் பொதுத் தளத்தில் ஏற்றலாகாது. கோப்பு எளிதில் படியெடுக்கக்கூடியதாக இருப்பது இங்கே ஆபத்தாகவும் மாறும்.

தொடங்குவது எப்படி?

தொடக்கத்திற்குச் சர்வர்கூடத் தேவையில்லை. ஆய்வுக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, ஒரு பொருளுக்கு ஒரு கோப்பு என எழுதத் தொடங்கலாம். கோப்பின் பெயரைப் பார்த்தே உள்ளடக்கம் விளங்க வேண்டும். அனைத்தையும் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். ஆய்வின் நோக்கம், காலம், கோப்புகளின் வரிசை ஆகியவற்றை விளக்கும் 'முதலில் படிக்க' என்ற கோப்பையும் அதில் வைப்பது நல்லது.

மூன்று படிகள் இருப்பதும், அவற்றுள் ஒன்றேனும் வேறோர் ஊரிலோ இணையச் சேமிப்பகத்திலோ இருப்பதும் பாதுகாப்பானது. யார் பயன்படுத்தலாம், எந்த நிபந்தனையில் என்பதை ஒரு வரியில் எழுதிவைத்தால், பின்வருவோர் தயக்கமின்றி அதை மறுபதிப்புச் செய்யவும் தொடரவும் முடியும்.

பின்னொரு நாள் நிதி நின்றுபோகலாம். தளத்தின் முகவரியும் காலாவதியாகலாம். அப்போதும் அந்தக் கோப்புறை எவரேனும் ஒருவரது கணினியில் இருந்தால், ஆண்டுக்கணக்கில் திரட்டிய உழைப்பை வேறொரு முகவரியில் மீண்டும் வாசகர் முன் வைக்க முடியும். திட்டத்தின் கடைசி நாளில் அல்லாமல், முதல் நாளிலேயே ஆய்வாளர் எடுக்க வேண்டிய முடிவு இது.