மண்ணில் வைக்க முடியாத துக்கம்: மனதின் பெறுமானங்களும் உடலின் நலமும்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை நோக்கிச் செல்லும் ஏ-15 வீதியில் ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டினால் வந்தாறுமூலை வரும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் அங்குதான் இருக்கிறது. அதே வீதியில் சித்தாண்டி, கிரான் என்று தொடர்ந்து போனால் ஓட்டமாவடி. அங்கிருந்து உள்ளே திரும்பினால் சூடுபத்தினசேனை, மஜ்மா நகர். கொவிட் காலத்தில் நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் கொண்டுவரப்பட்டு அடக்கப்பட்ட பூமி அது.

ஒரே வீதியில் உள்ள இந்த இரண்டு இடங்களும் ஒரே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்கின்றன. தன் உறவுக்குச் செய்ய வேண்டிய இறுதிக் கடமையைச் செய்ய விடாமல் ஒரு மனிதனைத் தடுத்தால், அவனுடைய உடம்புக்கு என்ன ஆகிறது?

மன அழுத்தம் என்றதும் வேலைப்பளு, கடன், பரீட்சை என்றுதான் நாம் நினைக்கிறோம். அவையும் அழுத்தம்தான். ஆனால் ஒருவர் எதைச் சரி என்று நம்பி வாழ்கிறாரோ, அதற்கு மாறாக நடக்க நேரும்போது உண்டாகும் அழுத்தம் வேறு வகையானது. ஆபத்து நீங்கியதும் பயம் மெல்ல அடங்கும். “நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லையே” என்ற எண்ணம் அப்படி அடங்குவதில்லை. நன்மை என்றால் என்ன, பாவம் என்றால் என்ன என்று வாபிஸா (ரழி) அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவருடைய நெஞ்சையே சுட்டிய செய்தி நமக்குத் தெரியும். பாவம் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கும் என்பது வெறும் உவமையல்ல என்றுதான் இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

ஆபத்தை உணரும்போது மூளை அட்ரினல் சுரப்பிகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இரத்த அழுத்தமும் சீனியின் அளவும் ஏறுகின்றன. நாய் துரத்தினால் ஓடுவதற்கு இது உதவும். ஓடி முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். துரத்துவது சொந்த மனச்சாட்சியாக இருந்தால் ஓடி ஒளிய இடமில்லை. மாதக்கணக்கில் இந்த நிலை நீடித்தால் தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், சீனி வருத்தம் கட்டுப்பாட்டுக்குள் நிற்காது, நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். நெஞ்சு வலி என்று வைத்தியசாலைக்குப் போய், ஈ.சீ.ஜீ. எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினருக்குச் சிகிச்சையளித்த ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர், 1990களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதைத் தார்மீகக் காயம் எனலாம். உயிருக்கே ஆபத்தான நேரத்தில், அதிகாரத்தில் இருப்பவர் சரியானதைக் காட்டிக்கொடுத்துவிடும்போது ஏற்படும் காயம் என்று அவர் அதை விளக்கினார். பின்னர் 2009இல் பிரெட் லிட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அதை விரித்தார்கள். தன் நெறிக்கு மாறான ஒன்றைத் தானே செய்வது, தடுக்க முடியாமல் போவது, கண்ணால் கண்டுகொண்டு நிற்பது ஆகிய மூன்றும் அதே காயத்தை உண்டாக்கும் என்றார்கள். பயத்தால் வரும் நோய்க்குத் திடுக்கிடலும் கெட்ட கனவும் அடையாளம் என்றால், இந்தக் காயத்துக்கு வெட்கம், குற்ற உணர்ச்சி, யாரையும் நம்ப முடியாத கோபம் ஆகியவை அடையாளம்.

இப்போது 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள்.

கொவிட்டினால் மரணித்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த வருடம் மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. அந்த மாத முடிவுக்குள் இலங்கையில் முதலாவது முஸ்லிம் ஜனாஸா எரிக்கப்பட்டுவிட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நீதிமன்றம் சென்ற மனுக்களை விசாரணைக்கு எடுக்க உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆம் திகதி மறுத்தது. அடுத்த வாரமே, பிறந்து இருபது நாட்களேயான ஒரு பச்சைக் குழந்தை பொரளையில் எரிக்கப்பட்டது. நல்லடக்கத்துக்கு அனுமதி வழங்கும் வர்த்தமானி 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் வந்தது. அதற்குள் எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 276.

குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது ஆகிய நான்கும் நமக்கு வழக்கமோ சம்பிரதாயமோ அல்ல, பர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளி. அதனால்தான் கொழும்பில் ஒரு ஜனாஸா எரிந்தபோது, இறந்தவரை அறியாத காத்தான்குடிக்காரரும் கல்முனைக்காரரும் தூக்கமிழந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மிகையான உணர்ச்சியாகத் தெரிந்தது. “செத்த பிறகு எரித்தால் என்ன, புதைத்தால் என்ன” என்று படித்தவர்களும் எழுதினார்கள். அவர்களுக்கு விளங்காமல் போனது, துக்கத்தின் மீது ஒரு கடமை தவறியது வந்து ஏறிக்கொண்டது என்பதுதான்.

அதன் உடல்நல விளைவு எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு நிற்கவில்லை. காய்ச்சல் வந்தாலும் வைத்தியசாலைக்குப் போகப் பயந்தவர்கள் இருந்தார்கள். பீ.சீ.ஆர். செய்தால் பெயர் பதியப்படும், மௌத்தானால் எரித்துவிடுவார்கள் என்று மூச்சுத்திணறலை மறைத்த முதியவர்கள் இருந்தார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதற்கென்று போட்ட சட்டம் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளிக்க வைத்தது. மக்களின் பெறுமானத்தை மதிக்காத சுகாதாரக் கொள்கை சுகாதாரத்தையே கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை.

அந்த டிசம்பரில் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். சிங்களவர்களும் தமிழர்களும் கிறிஸ்தவ மதகுருமாரும் வந்து கட்டினார்கள். ஒரு துண்டுத் துணி எந்த வர்த்தமானியையும் மாற்றாது என்று அன்று சிலர் சொன்னார்கள். ஆனால் தான் எதன் பக்கம் நிற்கிறேன் என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது அவருடைய உடம்பையே தொடுகிறது. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேவிட் கிரெஸ்வெல் குழுவினர் 85 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரைத் தமக்கு மிக முக்கியமான பெறுமானத்தைப் பற்றிச் சிந்திக்க வைத்தார்கள். மற்றவர்களுக்கு முக்கியமில்லாத விடயமொன்று. பிறகு எல்லோரும் முகம் சுளிக்கும் நடுவர்கள் முன்னால் பேச வேண்டும், மனக்கணக்குச் செய்ய வேண்டும். முக்கியமான பெறுமானத்தை நினைத்தவர்களின் உமிழ்நீரில் கோர்ட்டிசோலின் அளவு குறைவாக இருந்தது. ஆய்வுகூடத்து மேடைப் பேச்சையும் மயான வாசலையும் ஒன்றாக்க முடியாதுதான். இருந்தாலும், பெறுமானம் என்பது வெறும் பேச்சுக்குரிய விடயமில்லை, நரம்பிலும் சுரப்பியிலும் அது வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெறுமானம் எவ்வளவு ஆழமோ, அது மீறப்பட்டால் காயமும் அவ்வளவு ஆழம். மார்க்கப் பற்றில்லாதவருக்கு வராத வேதனை பற்றுள்ளவருக்கு வருகிறது. “என் உம்மாவை எரிக்க நான்தானே கையெழுத்துப் போட்டேன்” என்று நினைக்கும் ஒரு மகனிடம், உன் பெறுமானத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள் என்று எந்த வைத்தியரும் சொல்லக் கூடாது. அவனுக்குத் தேவையானது பொறுப்பைச் சரியான இடத்தில் வைப்பது. சித்திரவதை தாங்காமல் நாவால் நிராகரித்த அம்மார் (ரழி) அவர்கள் அழுதுகொண்டு வந்தபோது, உள்ளம் எப்படி இருந்தது என்றே நபியவர்கள் விசாரித்தார்கள். நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. குற்ற உணர்ச்சிக்கு இதைவிடச் சிறந்த மருந்தை உளவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதை அந்த மகனுக்கு எத்தனை ஆலிம்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்கள்? “கத்ர், பொறுமையாக இருங்க” என்ற ஒரே வசனத்தில்தான் பெரும்பாலும் முடித்துக்கொண்டோம். தன் மகன் இப்ராஹீம் மௌத்தானபோது நபியவர்களே கண்ணீர் வடித்தார்கள். பொறுமை என்பது வாயை அடைப்பதல்ல.

2021 மார்ச் 5ஆம் திகதி மஜ்மா நகரில் முதலாவது ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அடுத்த ஒரு வருடத்தில் 3,634 பேர் அங்கு அடக்கப்பட்டார்கள். அவர்களில் ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் இருந்தார்கள். மட்டுப்படுத்தப்பட்ட உறவினர்கள், நெடுந்தூரப் பயணம், இராணுவத்தின் மேற்பார்வை என்று எல்லாக் கஷ்டமும் இருந்தது. ஆனாலும் இலக்கமிட்ட ஒரு கல் கிடைத்தது. ஸியாரத்துக்குப் போய் ஸலாம் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. 276 குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஷே சொன்ன காயம் அதிகாரத்திலிருப்பவரின் காட்டிக்கொடுப்பினால் வருவது என்பதால், அதிகாரத்திலிருந்து வரும் மன்னிப்பும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். யார் முடிவெடுத்தார்கள், எந்த விஞ்ஞானத்தை வைத்து எடுத்தார்கள் என்று சொல்லாத மன்னிப்பு பாதி மருந்து.

இனி வந்தாறுமூலைக்கு வருவோம். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது சுற்றுவட்டாரத் தமிழ்க் கிராமங்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைப் பிடித்துச் சென்றது. ஒருவரும் திரும்பவில்லை. பின்னர் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு சாட்சியங்களைப் பதிவு செய்தது. உடல்கள் கிடைக்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் இப்படிப்பட்ட இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். வியட்நாமில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களிடம் அவர் இதைக் கண்டார். இறந்துவிட்டார் என்று நம்பி அழுதால் துரோகம் செய்வது போல இருக்கும். உயிரோடு இருக்கிறார் என்று காத்திருந்தால் வாழ்க்கை நகராது. எந்தப் பக்கம் போனாலும் மனச்சாட்சி குத்தும். அந்தத் தாய்மார் திவசம் கொடுக்கவும் முடியாமல், கொடுக்காமல் இருக்கவும் முடியாமல் வருடங்களைக் கழித்தார்கள். மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் காணாமல்போன பிள்ளையைப் பற்றி வாக்குக் கேட்கப் பெண்கள் கூடியதை பட்ரீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் ஆய்வு செய்திருக்கிறார். நம் அகீதாவுக்கு அது ஒவ்வாதது. ஆனால் ஒரு பதிலுக்காகத் தவிக்கும் அந்தத் தவிப்பை நம்மால் விளங்கிக்கொள்ள முடியாதா?

முடியும். ஏனென்றால் அதே 1990இல், அந்தச் செப்டம்பருக்கு முன்னைய ஜூலையில், கல்முனைப் பாதை வழியாகக் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஹஜ்ஜை முடித்து வந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்டவர்களை நம் கையாலேயே அடக்கினோம். ஷுஹதாக்களின் கப்ருகள் எங்கே என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது. குருக்கள்மடத்தில் உறவை இழந்தவர்களால் காட்ட முடியவில்லை. அந்த மண்ணைத் தோண்டி ஜனாஸாக்களை எடுத்து முறைப்படி அடக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நஷ்டஈட்டுக் கணக்கு எதுவும் இல்லை. விட்டுப்போன பர்ளு அது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு வடு பற்றி நீண்ட காலமாக எழுதி வருகிறார். தனிமனிதருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, குடும்பமும் ஊரும் சடங்கும் உடைந்து கிடப்பதைப் பார்க்காமல் விட்டால் போரின் காயம் ஆறாது என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம். பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. நமது ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு இடமுண்டு. அபீசீனியாவில் மௌத்தான நஜ்ஜாஷி மன்னருக்காக நபியவர்கள் மதீனாவில் தொழுவித்தார்கள். எரிக்கப்பட்டவரின் வீட்டார் ஊருக்குள் தனித்து நிற்காமல், ஜமாஅத்தோடு நின்று துஆச் செய்ய ஒரு நாளை ஒதுக்குவது கடினமான காரியமல்ல. தூக்கமின்மை, காரணமில்லாத நெஞ்சு வலி, யாரோடும் பேசாத நிலை ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் போவதும் மார்க்கத்துக்கு மாறானதல்ல. ஆதார வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

செப்டம்பர் 5ஆம் திகதியை ஒட்டி, வந்தாறுமூலையில் அந்த 158 பேரின் உறவினர்கள் கூடி விளக்கேற்றுகிறார்கள். பிள்ளையைத் தேடியே முதுமையடைந்த தாய்மார் அவர்கள். சிலர் விடை தெரியாமலேயே போய்விட்டார்கள். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனால் பத்துப் பதினைந்து நிமிடம். நாம் விளக்கேற்ற வேண்டியதில்லை. மஜ்மா நகரில் ஒரு கல்லுக்காக அலைந்தவர்கள் நாங்கள் என்று சொல்லி, அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.