தூக்கறது ஜாக்கி, தாங்கறது ஸ்டாண்ட்: ஐடிஐ ஒர்க்‌ஷாப்ல பாதுகாப்பு எப்படிச் சொல்லித்தரணும்?

இந்த எபிசோடு கொஞ்சம் கிரீஸ் வாசனையோட இருக்கும். பத்தாவது முடிச்சிட்டு ஐடிஐ-ல 'மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்' டிரேடு சேர்ற பசங்களுக்கு ஒர்க்‌ஷாப் பாதுகாப்பும் கருவிகளும் எப்படிச் சொல்லித்தரணும், அதுல எது மண்டையில நிக்கும், எது நிக்காது, இதுதான் இன்னிக்கு விஷயம்.

இதைக் கேக்கற நிறைய பேர் என்னை மாதிரி லேப்டாப் முன்னாடி உக்காந்து வேலை பார்க்கறவங்க. இதுல நமக்கு என்ன இருக்குன்னு தோணலாம். நம்ம பைக்கும் காரும் கடைசியில அந்தப் பசங்க கைக்குத்தான் போகுது. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசியில சொல்றேன்.

விதி எங்க வரைக்கும் வரும்?

முதல்ல கொஞ்சம் பின்னணி. ஐடிஐ படிப்பு, மத்திய அரசு 1950-ல ஆரம்பிச்ச கைவினைஞர் பயிற்சித் திட்டத்துக்குக் கீழ வருது. நாம பேசற டிரேடு ரெண்டு வருஷம். பாடத்திட்டம் ஆரம்பிக்கறதே பாதுகாப்புலதான். ஷூ, கண்ணாடி, முதலுதவி, தீயணைப்பான். அதுக்கப்புறம்தான் சுத்தியல், அரம், ஸ்பேனர் எல்லாம்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு முதல் வருஷ ஒர்க்‌ஷாப் லேப் ஞாபகம் இருக்கும். இரும்புத் துண்டை வைஸ்ல மாட்டி மணிக்கணக்கா அரம் போட்டு ஒரு 'வி' வெட்டு எடுப்போம். ஷூ போடலைன்னா உள்ள விடமாட்டாங்க. ஏன்னு யாரும் சொன்னதில்ல, நாமளும் கேட்டதில்ல. நமக்கு அது ஓடிப்போச்சு, ஏன்னா அந்த லேபுக்கு நாம திரும்பப் போகவே போறதில்ல.

ஐடிஐ பையனோட நிலைமை வேற. அவனுக்கு அதுதான் வாழ்க்கை. படிச்சு முடிச்சதும் சிலருக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வேலை கிடைக்கும். அங்க லிஃப்ட் இருக்கும், சுவர்ல விதிமுறை ஒட்டியிருக்கும். நிறைய பேர் ரோட்டோர ஷெட்டுக்குத்தான் போவாங்க. அங்க சுவர்ல சாமி படமும் காலண்டரும்தான் இருக்கும். "டேய், அஞ்சு நிமிஷ வேலைடா, ஸ்டாண்ட் எல்லாம் எதுக்கு?"னு முதலாளி கேப்பார். 'ஸ்டாண்ட் வைக்கணும்'ங்கற விதியை மட்டும் மனப்பாடம் பண்ணின பையன் அந்த இடத்துல விட்டுடுவான். ஸ்டாண்ட் ஏன் வைக்கறோம்னு புரிஞ்சவன், அவ்வளவு சுலபமா காருக்கு அடியில போகமாட்டான்.

அதனால, ஒவ்வொரு விதியையும் அதோட காரணத்தோட சேர்த்துக் கொடுக்கறதுதான் பாதுகாப்புப் பாடம்னு நான் நினைக்கறேன். காரணம் இல்லாத விதி ஐடிஐ கேட்டைத் தாண்டி வராது.

ஒரே ஒரு கேள்வி

இத்தனை விதியையும் எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? பெரும்பாலானதை ஒரு கேள்விக்குள்ள அடக்கிடலாம்: 'இதுக்குள்ள என்ன சக்தி தேங்கி நிக்குது? நான் கை வெச்சா அது எங்க போகும்?'

தூக்கி வெச்ச கார்ல எடை தேங்கியிருக்கு. சஸ்பென்ஷன்ல ஸ்பிரிங் அமுங்கியிருக்கு. மேல இருக்கற நட்டை அப்படியே கழட்டினா அது விரிஞ்சு ஆளை அடிக்கும். அதனாலதான் முதல்ல ஸ்பிரிங் கம்ப்ரெசர் போட்டு அமுக்கிப் பிடிக்கறோம்.

ரேடியேட்டரை எடுத்துக்கோங்க. மூடி கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தத்தை உள்ள பிடிச்சு வெச்சிருக்கும். அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 120 கிட்டப் போனாதான் கொதிக்கும். சூடான இன்ஜின்ல மூடியைத் திறந்தா அழுத்தம் சட்டுனு இறங்கும், தண்ணி அந்த நொடியே ஆவியாகி முகத்துக்கு நேரா வரும். 'சூடா இருக்கும்போது திறக்காதே'ங்கற விதிக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

பேட்டரி 12 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனா ஷார்ட் ஆச்சுன்னா நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும். காரோட பாடி முழுக்க நெகட்டிவ் டெர்மினலோட இணைஞ்சிருக்கு. பாசிட்டிவை முதல்ல கழட்டப் போய், ஸ்பேனரோட மறுமுனை பாடியில பட்டா நேரடி ஷார்ட். நெகட்டிவை முதல்ல எடுத்துட்டா அந்தப் பாதையே இல்ல. அதனால கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. மோதிரத்தையும் வாட்ச்சையும் கழட்டச் சொல்றதும் இதுக்குத்தான். ஷார்ட்ல மாட்டின மோதிரம் விரலைச் சுத்திப் பழுக்கக் காய்ஞ்ச கம்பி ஆயிடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேற வெளிய வரும். காத்துல 4 சதவீதம் கலந்தாலே பத்திக்கும், ஒரு சின்னப் பொறி போதும்.

ஜாக்கி விஷயம்

இதுல கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் பேசணும்.

ஒரு சாதாரண ஹேட்ச்பேக் கிட்டத்தட்ட 900 கிலோ. முன்பக்கம் தூக்கினா அதுல பாதிக்கு மேல ஜாக்கி மேல நிக்குது. ஹைட்ராலிக் ஜாக்கியில அந்த எடையைத் தாங்கறது எண்ணெய். எண்ணெயை வெளிய விடாம பிடிச்சிருக்கறது ஒரு சீலும் ஒரு வால்வும். சீல் தேய்ஞ்சிருந்தா வெளிய இருந்து பார்த்துத் தெரியாது. டிக்கியில வர்ற ஸ்க்ரூ ஜாக்கிக்கு அடிப்பாகம் சின்னது, கார் லேசா நகர்ந்தாலே சாயும். ஸ்டாண்ட்ல எண்ணெயும் கிடையாது, சீலும் கிடையாது. இரும்பு மேல இரும்பு உக்காந்திருக்கு, அவ்வளவுதான். தூக்கற வேலை ஜாக்கிக்கு, தாங்கற வேலை ஸ்டாண்டுக்கு.

அடுத்தது கட்டை. "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேனே, சக்கரத்துக்குக் கட்டை எதுக்கு?"னு எல்லா வகுப்புலயும் ஒருத்தன் கேப்பான். பெரும்பாலான கார்கள்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். நீங்க பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டா பிரேக் அந்தரத்துல இருக்கு. சரி, கியர்ல போட்டு நிறுத்தறேன்னா, முன் சக்கரத்தால ஓடற கார்ல ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினதும் டிஃபரென்ஷியல் வேலை செய்யும். தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்கறது மறுபக்கம் உருளும். பூட்டின மாதிரி தெரியற வண்டி நகரும். இதை ஒரு தடவை கையால சுத்திக் காட்டிட்டா, அந்தப் பையன் வாழ்நாள் முழுக்கக் கட்டை வைப்பான்.

வரிசை இதுதான். சமதளம், கட்டை, ஜாக்கி, ஸ்டாண்ட், வண்டியை ஸ்டாண்ட் மேல இறக்கு, கையால ஆட்டிப் பாரு, அப்புறம் அடியில போ. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. எச்சரிக்கை எதுவும் கொடுக்காம நொறுங்கும்.

ஸ்பேனர் பிடிக்கறதுலயும் பாடம் இருக்கு

ஸ்பேனர்ல 10-னு போட்டிருந்தா அது போல்ட்டோட தடிமன் இல்ல. போல்ட் தலையில எதிரெதிர் பக்கத்துக்கு நடுவுல இருக்கற அகலம், மில்லிமீட்டர்ல. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவா 10 ஸ்பேனர். இது புரியாத பையன் பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் தலையை மழுங்க வைப்பான். மழுங்கின தலையில ஸ்பேனர் வழுக்கும், விரல் முட்டி போய் இரும்புல இடிக்கும். இறுகின போல்ட்டுக்கு ஃபிக்ஸ் ஸ்பேனரைவிட ரிங் ஸ்பேனர் நல்லது, ஏன்னா அது தலையை முழுசாச் சுத்திப் பிடிக்குது. ஸ்பேனரைத் தள்ளாம உங்க பக்கம் இழுக்கச் சொல்றதுக்கும் காரணம் உண்டு. தள்ளும்போது வழுக்கினா, கை உடம்போட எடையோட முன்னாடி போய் மோதும்.

வீல் நட்டுக்கு நிறைய சின்ன கார்கள்ல 100 நியூட்டன் மீட்டரை ஒட்டின முறுக்குதான் சொல்லியிருப்பாங்க. அரை மீட்டர் கைப்பிடி முனையில 20 கிலோ எடையைத் தொங்கவிட்டா வர்ற அளவு அது. 60 கிலோ ஆள் அதே முனையில ஏறி நின்னா மூணு மடங்கு. நட்டு நல்லா டைட் ஆன மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கற ஸ்டட் இழுபட்டு பலம் போயிருக்கும். நடுராத்திரி ஹைவேல பஞ்சர் ஆகி நிக்கற ஆளால அதைக் கழட்டவும் முடியாது. டார்க் ரெஞ்ச் ஏன் இருக்குங்கறதுக்கு இதைவிட விளக்கம் வேணாம்.

சின்னக் கருவிகளும் அப்படித்தான். அரத்துக்குக் கைப்பிடி இல்லைன்னா அதோட கூர்வால் உள்ளங்கையில இறங்கும். அடிச்சு அடிச்சு உளியோட தலை காளான் மாதிரி விரிஞ்சிருந்தா, அடுத்த அடியில ஒரு சில்லு கண்ணுக்குப் பறக்கலாம்.

கிளவுஸ் போடு, கிளவுஸ் போடாதே

காரணம் தெரியாம விதி மட்டும் தெரிஞ்சா என்ன ஆகும்கறதுக்கு கிளவுஸ் நல்ல உதாரணம். வெல்டிங்ல கிளவுஸ் கட்டாயம். பழைய இன்ஜின் ஆயில்ல கை வைக்கும்போதும் நைட்ரைல் கிளவுஸ் போடணும், ஏன்னா ஓடின ஆயில்ல புற்றுநோய் உண்டாக்கற பொருட்கள் சேர்ந்திருக்கும். ஆனா டிரில்லிங் மெஷின், கிரைண்டர் பக்கம் போனா கிளவுஸைக் கழட்டணும். சுத்தற பாகம் துணியோட ஒரு நூலைப் பிடிச்சா கையையே உள்ள இழுத்துடும். 'பாதுகாப்புன்னா கிளவுஸ்'னு மனப்பாடம் பண்ணினவனுக்கு அந்தப் பாதுகாப்பே ஆபத்து ஆகுது. 'இங்க எது சுத்துது, எது சுடுது, எது தோல்ல ஊறுது?'னு கேக்கக் கத்துக்கிட்டவனுக்குக் குழப்பமே வராது.

சரி, எப்படிச் சொல்லித்தர்றது?

இதுக்கு ஒரு பழைய முறை இருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயம், 1940-ல அமெரிக்காவுல 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலையையே பார்க்காத ஆட்களைச் சீக்கிரமா வேலைக்குத் தயார் பண்ணணும். அதுல நாலு படி: கத்துக்கறவரைத் தயார் பண்ணு, செஞ்சு காட்டு, அவரைச் செய்யவிடு, அப்புறமும் கூட இருந்து கவனி. போருக்கு அப்புறம் அது ஜப்பானுக்குப் போச்சு, டொயோட்டா அதை உள்வாங்கிக்கிட்டாங்க. நம்ம ஆபீஸ்ல கான்பன் போர்டுன்னு ஒண்ணு ஓடுதே, அதுவும் டொயோட்டாவுல இருந்து வந்ததுதான்.

இதுல எனக்கு முக்கியமாப் படறது மூணாவது படி. பையன் வேலையைச் செய்யும்போது வாயாலயும் சொல்லணும். "தம்பி, ஏன் நெகட்டிவை முதல்ல கழட்டறே?"னு கேட்டா, "நீங்க சொன்னீங்க சார்"னு பதில் வந்தா பாடம் முடியலை. "ஸ்பேனர் பாடியில பட்டாலும் ஷார்ட் ஆகாது சார்"னு வந்தா முடிஞ்சது. நாம கோடு ரிவ்யூல 'ஏன் இப்படி எழுதினே?'னு கேக்கறோமே, அதே கேள்விதான். ஒரே வித்தியாசம், இங்க அண்டூ கிடையாது.

இன்னொரு நல்ல பழக்கம், கருவிப் பலகை. ஒவ்வொரு ஸ்பேனரோட உருவத்தையும் பெயிண்ட்ல வரைஞ்சு அதுமேலயே மாட்டறது. வகுப்பு முடியும்போது ஒரு உருவம் காலியா இருந்தா யாரும் கிளம்பக்கூடாது. அந்த ஸ்பேனர் இன்ஜின் பெல்ட்டுக்குப் பக்கத்துல கிடக்கலாம்.

இப்ப ஏன் இன்னும் அவசரம்?

தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து புதுப்பிச்சிருக்காங்க, மின்வாகனப் பயிற்சியும் வந்திருக்கு. மின்சாரக் கார் பேட்டரி பொதுவா 300 வோல்ட்டுக்கு மேல. வாகனத்துறையில 60 வோல்ட் டிசி தாண்டினாலே ஆபத்துன்னு வகைப்படுத்தறாங்க. பழைய மெக்கானிக் சத்தத்தையும் வாசனையையும் வெச்சுக் கோளாறைக் கண்டுபிடிப்பார். உயர் மின்னழுத்தத்துக்குச் சத்தமும் இல்ல, வாசனையும் இல்ல. ஆரஞ்சு கலர் கேபிள் அதுக்கு ஒரு முக்கிய அடையாளம்.

சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும் சில நிமிஷம் காத்திருக்கணும், அப்புறம் மீட்டர் வெச்சு பூஜ்யம்னு உறுதி பண்ணணும். ஏன்? கெப்பாசிட்டர்ல சக்தி தேங்கியிருக்கும். அதே கேள்விதான் இங்கயும் வருது. ரேடியேட்டர்ல அந்தக் கேள்வியைக் கேக்கப் பழகினவனுக்கு இது புதுப் பாடம் இல்ல.

நம்ம பங்கு

முதல்ல சொன்ன அந்த இன்னொரு காரணம் இதுதான். ஷெட்ல "சீக்கிரம் முடி"ங்கற அழுத்தம் முதலாளிகிட்ட மட்டும் ஆரம்பிக்கறதில்ல. "அண்ணா, ஆபீஸுக்கு லேட் ஆகுது, பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க"னு நிக்கற நம்மகிட்டயும் ஆரம்பிக்குது. ஸ்டாண்ட் வைக்க ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்தை நாம கொடுக்கலாம். "ஸ்டாண்ட் வெச்சுக்கோங்கண்ணா, அவசரம் இல்ல"னு கஸ்டமரே சொன்னா, அங்க வேலை கத்துக்கற பையனுக்கு அது பெரிய பலம்.

நீங்களே வழியில டயர் மாத்தினா, ஜாக்கியை மட்டும் நம்பி உடம்போட எந்தப் பாகத்தையும் காருக்கு அடியில விடாதீங்க. கழட்டின வீலையோ ஸ்டெப்னியையோ படுக்கவெச்சு, ஜாக்கிக்குப் பக்கத்துல பாடிக்கு அடியில தள்ளிடுங்க. அது ஸ்டாண்டுக்கு மாற்று கிடையாது. ஆனா ஜாக்கி நழுவினா கார் முழுசாத் தரைக்கு வராது.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது ஐடிஐ படிச்சா இந்த எபிசோடை அனுப்புங்க.