வீட்டில் மோட்டார் சைக்கிள் பராமரிப்பு: வேண்டிய கருவிகள் யாவை?

புனே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவ், 1939ஆம் ஆண்டு முதல் விமானத் தளமாக விளங்கி வருகிறது. விமானங்களைப் பழுது பார்க்கும் இடங்களில் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கருவியின் வடிவமும் பலகையில் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் ஓரிடம் வெறுமையாகத் தோன்றினால், கருவி விமானத்தினுள் தங்கிவிட்டதோ என்று தேடிய பின்னரே விமானத்தை விடுவிப்பர். கருவிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டனவாக இருத்தல் வேண்டும் என்னும் இப்பாடம், வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிளைப் பராமரிப்போருக்கும் பொருந்துவதாகும்.

புதிதாகத் தொடங்குவோர் பெரிய கருவிப் பெட்டியை வாங்குதல் வீண் செலவு. முதலில் வண்டியைச் சுற்றி வந்து, அதிலுள்ள நட்டுகளின் அளவுகளைக் குறித்துக்கொள்ளல் நன்று. இக்கால வண்டிகளில் 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் அளவுகளே பெரும்பாலும் காணப்படும். திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட புல்லட் போன்ற பழைய வண்டிகளிலோ அங்குல அளவு நட்டுகள் இருக்கலாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதன்மீது 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை இட்டால் சிறிது ஆட்டம் இருக்கும். பலமாகத் திருப்பும்போது நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

ஒருபுறம் வாயும் மறுபுறம் வளையமும் கொண்ட ஸ்பேனர்களே சிறந்தவை. வாய்ப்பகுதி நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும். வளையம் ஆறு முனைகளிலும் பற்றுவதால் இறுகிய நட்டுக்கு அதுவே உகந்தது. இவற்றுடன் இரு ஸ்க்ரூ டிரைவர்கள், ஆலன் சாவிகள், பிளக் ஸ்பேனர், பிளேயர், டயர்க் காற்றழுத்தமானி ஆகியவை போதுமானவை. காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்துள்ளபோது அளத்தல் வேண்டும்.

சிறிய ஸ்பேனர் குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 6 மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரில் இதற்குச் சுமார் பத்துக் கிலோகிராம் எடைக்கு நிகரான விசை தேவை. 20 சென்டிமீட்டரில் அதில் பாதியே தேவை. ஆகவே குழாயைச் செருகி ஸ்பேனரை நீட்டுவோர், தாம் அறியாமலே போல்ட்டை முறித்துவிடுவர். நெம்புகோல் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம்.

மழைக்காலச் சேற்றில் கிராமங்களுக்குச் செல்லும் களப்பணியாளர்கள் செயினை அடிக்கடி துடைத்து எண்ணெயிடுதல் அவசியம். எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றியே இதனைச் செய்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது செயினைத் துணியால் துடைப்போர் விரல்களை இழக்க நேரிடும். செயினின் தளர்ச்சி எவ்வளவு இருக்கலாம் என்பதை வண்டியுடன் வந்த கையேட்டில் காண்க. பிரேக்கைப் பிரித்தல் போன்ற வேலைகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுதலே அறிவுடைமை.

வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, எண்ணி வைத்த பின்னரே எஞ்சினை இயக்குக. செயினருகே மறந்து விடப்பட்ட ஒரு ஸ்பேனர், சாலையில் சக்கரத்தையே நிறுத்திவிடக்கூடும்.