உங்களுக்குத் தெரியுமா?

இலங்கையின் கடைசி மன்னரின் கல்லறை இருப்பது கண்டியில் அல்ல. நம் வேலூரில், பாலாற்றங்கரையில்!

• அவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி வந்தவர். 1798-ல், 18 வயதில் கண்டி அரியணை ஏறினார்.

• 1803-ல் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலப் படையைத் துடைத்தெறிந்தார். கண்டி நகரின் நடுவே இன்றும் தளும்பும் ஏரி அவர் வெட்டியதுதான்.

• 1815-ல் சொந்தப் பிரதானிகளே ஆங்கிலேயர் பக்கம் சாய, பிடிபட்டார். மறு ஆண்டு குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். திப்பு சுல்தான் குடும்பத்தாரைச் சிறைவைத்த அதே கோட்டை!

• 16 ஆண்டு காவலுக்குப் பின், 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே காலமானார். கல்லறை மீது தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் 1990-ல் திறக்கப்பட்டது.

• தங்கத் தகடு போர்த்த, சிங்கக் கைப்பிடி வைத்த அவரது அரியணை இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனைக்குப் போனது. 1934-ல் திரும்பி வந்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.