குண்டு மழைக்கு நடுவே திராட்சை அறுவடை!

லெபனான் நாட்டில் ஒரு குடும்பத்தின் கதை

லாரி நிறையத் திராட்சை. மலைப் பாதையில் லாரி நிற்கிறது. முன்னாலும் துப்பாக்கிச் சத்தம், பின்னாலும் துப்பாக்கிச் சத்தம்.

ஒரு நாள் போகிறது. இரண்டு நாள் போகிறது. லாரி நகரவில்லை. அடியில் கிடந்த பழங்கள் நசுங்கின. சாறு வழிந்தது. வெயிலில் அந்தச் சாறு நுரைக்கத் தொடங்கிவிட்டது!

இது நடந்தது 1984-ம் ஆண்டில். இடம், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள லெபனான்.

அந்தத் திராட்சைக்குச் சொந்தக்காரர் செர்ஜ் ஹோஷார். திராட்சை மது தயாரிப்பவர். உலகம் முழுவதும் பெயர் பெற்ற "ஷாத்தோ மூசார்" ஒயினை உருவாக்கியவர் அவர்தான்.

மது என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களும் இதைப் படிக்கலாம். இந்தக் கதையில் குடியைவிடத் தொழில்தான் அதிகம்.

மலைக்கு அந்தப் பக்கம் தோட்டம்

வாருங்கள், முதலில் இடத்தைப் பார்ப்போம்.

தலைநகரம் பெய்ரூட். அங்கிருந்து கடலோரமாக வடக்கே சுமார் 25 கிலோ மீட்டர் போனால் கசீர் என்ற ஊர். கடலைப் பார்த்த மலைச் சரிவு. அங்கே 18-ம் நூற்றாண்டில் கட்டிய பழைய கோட்டை வீடு ஒன்று. அதுதான் மூசார். மது தயாரிக்கும் சாலையும் நிலவறையும் அங்கே இருந்தன.

ஆனால் திராட்சைத் தோட்டம் அங்கே இல்லை! அது மலையைத் தாண்டி அந்தப் பக்கம், பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கிறது.

பெக்கா சாதாரண இடம் அல்ல. இரண்டு மலைத் தொடர்களுக்கு நடுவே, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். திராட்சைக்கு இது மிகவும் பிடிக்கும். ரோமானியர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பால்பெக்கில் பெரிய கோவில்கள் கட்டினார்கள். அவற்றில் ஒன்று அவர்களுடைய மதுத் தேவன் பாக்கஸின் கோவில். அது இன்றும் நிற்கிறது.

தோட்டம் ஓர் இடம், தொழிற்சாலை ஓர் இடம் என்று ஏன் வைத்தார்கள்?

மூசாரைத் தொடங்கியவர் செர்ஜின் தகப்பனார் கஸ்தோன் ஹோஷார். ஆண்டு 1930. அப்போது லெபனான் பிரெஞ்சுக்காரர்களின் பிடியில் இருந்தது. எல்லைக்கோடு எங்கே நிலைக்கும், பெக்கா எந்த நாட்டோடு சேரும் என்பதில் சந்தேகம் இருந்ததாம். அதனால் தொழிற்சாலை கடற்கரைப் பக்கம் பத்திரமாக இருக்கட்டும் என்று தகப்பனார் முடிவு செய்ததாகச் சொல்வார்கள்.

பத்திரம் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு! பின்னால் மகனுக்கு அதுவே பெரிய சோதனையாக வந்து சேர்ந்தது.

"அப்பா, நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்"

செர்ஜ் பிறந்தது 1939-ல். பிரான்சில் போர்தோ நகரம் ஒயினுக்குப் பேர்போனது. அங்கே போய் இந்தத் தொழிலைப் படித்தார்.

1959-ல் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது இருபதுதான். ஏற்கும்போதே தகப்பனாரிடம் நிபந்தனை போட்டார். மதுவை என் முறைப்படி செய்வேன், அது உலகம் அறிய வேண்டும், நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்று.

நம் ஊரில் எந்த மகனாவது இப்படிக் கேட்டால் வீட்டில் பூகம்பம்தான்! கஸ்தோன் சம்மதித்தார். தம்பி ரொனால்ட் கணக்கு வழக்கையும் விற்பனையையும் பார்த்துக்கொண்டார். அண்ணன் நிலவறையை விட்டு நகரவில்லை.

தாம் நினைத்த சுவையைக் கொண்டுவர செர்ஜுக்கு 18 ஆண்டுகள் பிடித்தன.

நுரைப்பது எப்படி?

இட்லி மாவை அரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்குகிறதல்லவா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை அது. திராட்சை மதுவும் அப்படித்தான். பழத்தோடு ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டு வருகிறது. பழம் நசுங்கியதும் அது சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்கிறது. சர்க்கரை போதைப் பொருளாக மாறுகிறது. கரியமில வாயு குமிழ் விட்டு வெளியேறுகிறது.

இப்போது பலர் கடையில் ஈஸ்ட் வாங்கிச் சேர்க்கிறார்கள். செர்ஜ் சேர்க்கவில்லை. தோட்டத்தோடு வந்ததே போதும் என்றார். மதுவை வடிகட்டவும் மாட்டார்.

இதற்குக் குறை சொன்னவர்களும் உண்டு. புளிப்பு வாடை தூக்கல் என்று சில நிபுணர்கள் எழுதினார்கள். அவர் கவலைப்படவில்லை.

முதலில் சிமெண்டுத் தொட்டி. பிறகு ஓராண்டு ஓக் மரப் பீப்பாய். பிறகு மூன்று வகைத் திராட்சையின் மதுக்களைக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். அதோடு முடிந்ததா? இல்லை. பாட்டில்கள் நிலவறையில் தூங்கும். அறுவடை செய்த ஏழாவது ஆண்டில்தான் சிவப்பு மது கடைக்குப் போகும்.

ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டிய தொழில், நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நாட்டில்!

போர் வந்தது

1975-ல் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1990 வரை ஓயவில்லை. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு எல்லை பிரிந்தது.

மூசார் மதுவை அதுவரை பெரும்பாலும் லெபனான் மக்களே வாங்கினார்கள். போரில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1976-ல் மது செய்யவே முடியவில்லை.

சகோதரர்கள் இருவரும் வெளிநாட்டுப் பக்கம் திரும்பினார்கள். 1979-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் ஒயின் சந்தை. அங்கே மைக்கேல் பிராட்பென்ட் என்ற பெரிய நிபுணர் மூசாரைச் சுவைத்தார். அந்தச் சந்தையின் கண்டுபிடிப்பே இதுதான் என்று பாராட்டினார். அன்று முதல் ஏறுமுகம்.

ஆனால் பழம் வந்தால்தானே மது? ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக் காலத்தில் பெதுயின் மக்கள் பெக்காவில் கையால் குலை பறிப்பார்கள். பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றுவார்கள். மலையைக் கடந்து கசீர் வர வேண்டும். வழியில் எந்தப் படை நிற்கிறதோ, யார் மறிப்பாரோ! தகப்பனார் செய்த ஏற்பாட்டின் விலையை மகன் கொடுத்தது இங்கேதான். லாரி ஓட்டியவர்களின் துணிச்சலை யாரும் அதிகம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

1984-ல் லாரிகள் வந்து சேர்ந்தபோது பழம் பாதி வழியிலேயே புளித்திருந்தது. அந்த ஆண்டும் கணக்கில் சேரவில்லை. பதினைந்து ஆண்டுப் போரில் தவறிப்போனவை 1976, 1984 என்ற இரண்டே ஆண்டுகள்தான்!

அதே 1984-ல் லண்டனில் வெளிவரும் "டிகான்டர்" பத்திரிகை "ஆண்டின் மனிதர்" என்ற பட்டத்தை முதன் முதலாகக் கொடுத்தது. பெற்றவர் செர்ஜ் ஹோஷார்.

குண்டு விழும் சமயங்களில் நிலவறை பதுங்கு குழியாயிற்று. கீழே இறங்கினால் பாட்டில்களுக்கு நடுவே மனிதர்கள்.

பன்னிரண்டு மணி நேரம், ஒரே பாட்டில்

போரின் கடைசிக் காலத்தில் ஒருநாள் செர்ஜ் பெய்ரூட்டில் தம் வீட்டில் இருந்தார். குண்டுகள் விழத் தொடங்கின. எல்லாரும் பதுங்கு குழிக்கு ஓடினார்கள். அவர் போகவில்லை.

தாம் 1972-ல் செய்த மது ஒரு பாட்டில் இருந்தது. அதைத் திறந்தார். ஒரு வாய் குடிப்பார். காத்திருப்பார். சுவை எப்படி மாறுகிறது என்று கவனிப்பார். குண்டுவீச்சு ஓய 12 மணி நேரம் ஆயிற்று. பாட்டிலும் அப்போதுதான் காலியாயிற்று.

இதைத் துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா? வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்!

அவரைப் பார்க்க வந்தவர்களுக்கும் இதே பாடம்தான். கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றுவார். அவசரப்படாதே என்பார். உலக வழக்கம் வெள்ளை மதுவை முதலில் கொடுப்பது. அவர் சிவப்பைக் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் வெள்ளையை எடுப்பார். ஒபைதே, மெர்வா என்ற லெபனான் நாட்டுத் திராட்சைகளில் செய்த மது அது. வெளிநாட்டுக் கொடிகளோடு சொந்த மண்ணின் கொடிகளையும் அவர் கைவிடவில்லை.

கடைசி அறுவடை

போர் முடிந்த பிறகும் லெபனானுக்கு முழு நிம்மதி இல்லை. 2006-ல் மறுபடி குண்டு விழுந்தது. அந்த ஆண்டும் மூசாரில் மது உண்டு.

2014, டிசம்பர் 31. செர்ஜ் மெக்சிகோவில் குடும்பத்தாருடன் விடுமுறையில் இருந்தார். கடலில் நீந்தும்போது இறந்துபோனார். வயது 75. எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பியவர்!

தொழில் நிற்கவில்லை. பிள்ளைகள் ஏற்றார்கள். மூத்தவர் பெயர் கஸ்தோன். பாட்டனாரின் பெயர்.

செர்ஜ் கடைசியாகப் பார்த்த அறுவடை 2014-ம் ஆண்டு அறுவடை. அதன் சாறு தொட்டியில் இருக்கும்போதே அவர் போய்விட்டார். வீட்டு வழக்கப்படி அந்தச் சிவப்பு மது ஏழு ஆண்டு நிலவறையில் கிடந்து, 2021-ல்தான் வெளியே வந்தது.